எழுந்து போன முப்பத்தொரு பேர்

காலை ஒன்பது நாற்பது. பாலக்கரையில் அந்தத் திரையரங்கின் வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது ஓர் ஏணி. அதன் மேல்படியில் நின்ற ஆள், பசை தடவிய வெள்ளைத் தாளை ஃப்ளெக்ஸ் பேனரின் கீழ்ப்பகுதியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தாள் நிற்கவில்லை. வழுக்கிக் கீழே வந்தது. அவர் அதைப் பிடித்து மறுபடி மேலே ஏற்றினார்.

பேனரின் முக்கால் பாகம் நடிகை நீலவேணியின் முகம். மூக்குத்தி மட்டும் ஒரு தட்டு அளவு இருந்தது. அடியில், முட்டை வடிவக் கட்டத்துக்குள், மோகனவரதன். அன்று மறுபடி திரையிடவிருந்த பழைய படத்தின் கதாநாயகன். கட்டத்தைச் சுற்றி ரோஜா மாலை வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே "மறைந்த நடிப்புச் செம்மல்" என்று எழுதியிருந்தது. தாள் மறைக்க வேண்டியது அதில் முதல் சொல்லை.

மோகனவரதன் அப்போது காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு மாடி ஃபிளாட்டில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார். பத்தே காலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காஜா மைதீன். பாலக்கரையில் தையல் கடை வைத்திருக்கிறார். இருபது வயதில் மோகனவரதன் ரசிகர் மன்றத்தின் செயலாளர். அறுபத்தைந்திலும் அவரே செயலாளர். மன்றத்தில் வேறு யாரும் மிச்சம் இல்லை.

"ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வேலை மேடம்" என்றார். "போன வாரம் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அடிச்சிருக்கான். அதே டிசைன்ல நம்ம சார் போட்டோவைச் சொருகிட்டான். நான் நீலவேணியம்மா மூக்குத்தியைத்தான் பாத்தேன். கீழ பாக்கல."

நான் முப்பத்தாறு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். கீழே பார்க்காமல் அச்சுக்குப் போனவற்றைப் பற்றி எனக்குத் தெரியும். எங்களிடம் அதற்கு 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஐந்தாம் பக்கம், வலது மூலை. காஜாவிடம் இருந்தது ஒரு தாளும் மைதா பசையும்.

நான் அங்கே போனது படம் பார்க்க மட்டும் அல்ல. ஒரு திருத்தம் என்னிடமும் பாக்கி இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மூன்றாம் மணி

படத்தின் பெயர் 'மூன்றாம் மணி'. நாடகத்தில் மூன்றாவது மணி அடித்தால் திரை ஏறும். அதிலிருந்து வந்த பெயர். கதை எளிது. பெரிய நாடக நடிகர் ஒருவர், பின்வரிசையில் கோரஸ் பாடும் பெண்ணைக் கண்டெடுத்துக் கதாநாயகி ஆக்குகிறார். அவள் ஏறுகிறாள். அவர் இறங்குகிறார். கடைசியில் சுவரொட்டியில் அவர் பெயருக்கு இடம் இல்லை.

எடுத்தபோது மோகனவரதன் உச்சத்தில் இருந்தார். இறங்குகிற மனிதனாக நடிக்கத் துணிந்ததற்காகப் பத்திரிகைகள் பாராட்டின. நீலவேணிக்கு அதுதான் முதல் படம். காட்டூர்க்காரி. வீட்டில் பெயர் செல்வி. அப்பாவுக்குத் தஞ்சாவூர் சாலைப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் வெல்டர் வேலை. படப்பிடிப்பு முடிந்து, படம் வெளிவருவதற்குள் இருவருக்கும் திருமணம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது கதையில் இருந்ததுதான். அவள் வருடத்துக்கு ஆறு படம் நடித்தாள். அவருக்கு அண்ணன் வேடம் வந்தது. பிறகு அப்பா வேடம். பிறகு தொலைபேசி வருவது நின்றது. இடையில் இருவரும் பிரிந்தார்கள். அவர் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினார். பூர்வீக வீடு இடிந்து ஃபிளாட் ஆனது. இரண்டாம் மாடியில் ஒன்றை வைத்துக்கொண்டார்.

சினிமாவில் அவர் பேசிய தமிழ் மேடைத் தமிழ். வெளியாட்களிடம் நம்மைப் போல 'வாங்க, போங்க'. கோபமோ துக்கமோ வந்தால் மட்டும் உத்தர வீதி ஐயங்கார் பேச்சு வரும். பேட்டி எடுத்தபோது கவனித்திருக்கிறேன்.

நாலு நிமிடம்

பிரிவுக்குக் காரணம் பல இருக்கும். நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள் அல்ல. அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஒரு காட்சி.

படத்தின் முடிவுக்கு அரை மணி நேரம் முன்னால் வருவது. நடிகர் ஒப்பனை அறைக்குள் வருகிறார். கண்ணாடி முன் உட்காருகிறார். தேங்காய் எண்ணெயைத் தொட்டு முகத்தில் பூசி, வேட்டித் தலைப்பால் அரிதாரத்தைத் துடைக்கிறார். பாதி முகம் துடைத்தபோது, வெளியே மேடையில் அவளுக்குக் கைதட்டல் கேட்கிறது. கை நிற்கிறது. கைதட்டல் ஓயும் வரை காத்திருந்து, மீதிப் பாதியைத் துடைக்கிறார். வசனம் கிடையாது. இசை கிடையாது. நாலு நிமிடம்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. மூன்றாவது வாரத்தில் அது வெட்டப்பட்டுவிட்டது.

இளைய வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அன்று படம் பெட்டியில் வரும். விநியோகஸ்தர் சொன்னால் ஆபரேட்டர் கத்தரிக்கோலை எடுப்பார். கூட்டம் சலித்த இடத்தை வெட்டி, முனைகளைச் சுரண்டி, பசை வைத்து ஒட்டிவிடுவார். டைரக்டருக்குத் தெரிய மாதக்கணக்கு ஆகும். திருச்சி வட்டாரத்தில் வெட்டியது நன்றாக ஓடினால் மதுரையும் சேலமும் வெட்டும். 'மூன்றாம் மணி'யின் நெகடிவ் எங்கோ கெட்டுப்போயிற்று. இப்போது புதுப்பிக்கக் கிடைத்த ஒரே பிரதி திருச்சி வட்டாரத்தில் ஓடியது.

மோகனவரதன் நூறாவது நாள் விழாவுக்கு இங்கே வந்து படத்தைப் பார்த்தார். ஒப்பனை அறைக் கதவைத் திறக்கிறார். அடுத்த நொடி ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறார். விநியோகஸ்தரைக் கேட்டார். எல்லோருக்கும் நல்லது என்றுதான் செய்தோம் என்று அவர் மழுப்பினார். அதே விநியோகஸ்தர் அந்த மாதம்தான் நீலவேணியைத் தன் அடுத்த மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். மோகனவரதன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

அவள்தான் வெட்டச் சொன்னாள் என்று முடிவு செய்தார். அவரிடம் அவள் ஒருமுறை, "நான் சொல்லல" என்றாளாம். இரண்டாம் முறை சொல்லவில்லையாம். இதை அவரே என்னிடம் சொன்னார், பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பேட்டியில். "ரெண்டாந்தரம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேனோ என்னவோ."

நான் எழுதிக்கொண்டேன். பேட்டியில் அந்த வரியைப் போடவில்லை. வேறு எதுவும் அவரிடம் சொல்லவும் இல்லை. கட்டுரையின் பொருள் அது அல்ல என்று வைத்துக்கொண்டேன்.

எட்டு வரி

அந்தக் காட்சியை வெட்டவைத்தது நான்.

கிளை அலுவலகத்தில் நான் சேர்ந்து நாலு மாதம். பெண் நிருபர் நான் ஒருத்திதான். கலெக்டர் அலுவலகத்துக்கு என்னை அனுப்பமாட்டார்கள். கோலப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் பொறுப்பாளர் கூப்பிட்டு, படம் மூன்றாவது வாரம் ஓடுகிறதே, கூட்டம் எப்படி ரசிக்கிறது என்று பார்த்து எட்டு வரி எழுது என்றார். விமர்சனம் வேண்டாம், கண்ணில் பட்டதை எழுது என்றார்.

வார நாள். காலைக் காட்சி, பத்தரை மணி. பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தேன். படத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பீடி பற்றவைத்தார்கள் என்று நேரத்தோடு குறித்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒப்பனை அறைக் காட்சி வந்தது. ஆட்கள் எழுந்தார்கள். முதலில் இருவர், பிறகு கும்பலாக. கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் வெயில் உள்ளே வந்து திரை வெளுத்தது. எண்ணினேன். முப்பத்தொரு பேர்.

எட்டு வரியில் ஆறாவது வரி இது: "நாயகன் ஒப்பனையைக் கலைக்கும் நீண்ட காட்சியில் முப்பத்தொரு பேர் எழுந்து வெளியேறினர்."

அதில் பொய் ஒரு சொல் கூட இல்லை.

மூன்றாம் நாள் விநியோகஸ்தரின் ஆள் அலுவலகத்துக்கு வந்தார். நல்லவேளை எழுதினீர்கள், அன்றே எடுத்துவிட்டோம், இப்போது படம் வேகமாகப் போகிறது என்று பொறுப்பாளரிடம் சொன்னார். பொறுப்பாளர் என்னைக் காட்டினார். நான் எழுதியதால் ஒன்று மாறியது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப்போனேன்.

தம்பி சொன்னது

சில வருடம் கழித்து என் தம்பி சகாயத்துக்குத் தஞ்சாவூர் சாலைப் பக்கம் இருந்த அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டாவது ஷிஃப்ட், மதியம் இரண்டு மணிக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு படத்தின் முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. சகாயம் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே சொன்னான்:

"என்னைக் கேக்காதக்கா. எனக்கு ஒரு படத்துக்கும் முடிவு தெரியாது. ஒண்ணு பத்துக்குப் பாலக்கரையில கம்பெனி பஸ். ஒண்ணு ஆகப்போவுதுன்னா எந்திரிச்சு ஓடணும். எங்க ஷிஃப்ட்ல யாரைக் கேட்டாலும் இதான். கதாநாயகி செத்தாளா பொழச்சாளான்னு கேன்டீன்ல மொத ஷிஃப்ட்காரன்கிட்ட கேட்டுக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு பழைய குறிப்பேடுகள் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அட்டை போன ஒரு குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இருந்தது. "12.55. கண்ணாடிக் காட்சி. 31 பேர் வெளியே. எல்லாரும் ஆண்கள். காக்கிச் சட்டை. கையில் டிபன் பை."

காக்கிச் சட்டையைப் பார்த்திருக்கிறேன். டிபன் பையைப் பார்த்திருக்கிறேன். எழுதியும் வைத்திருக்கிறேன். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

மேனேஜர் அறை

பத்து இருபதுக்கு ஆட்டோ வந்தது. மோகனவரதன் தனியாக இறங்கினார். எண்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, கைத்தடி இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் யாரும் திரும்பவில்லை. காஜா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அவர் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தாள் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது.

அவர் மாலையை, விளக்கை, எழுத்தை எல்லாம் நிதானமாகப் படித்தார்.

"விடு காஜா. கொஞ்சம் முன்னாடியே போட்டுட்ட, அவ்வளவுதான். எடுத்து வை, மறுபடி செலவு பண்ண வேண்டாம்."

காஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏணிக்காரர் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

ஏற்பாடு எல்லாம் முன்பே பேசியது. பால்கனி முதல் வரிசையில் இடது ஓரம் அவருக்கு, வலது ஓரம் நீலவேணிக்கு. நடுவில் பதினைந்து இருக்கை. சேர்ந்து போட்டோ கிடையாது. மேடையில் சேர்த்துக் கூப்பிடக்கூடாது. இவை அவருடைய நிபந்தனைகள். நீலவேணி நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார், இனி இந்தப் பக்கம் வருவது சந்தேகம் என்று காஜா சொல்லியிருந்தார். நான் குறிப்பேட்டோடு கிளம்பி வந்தது அதனால்தான்.

விழா தொடங்கும் வரை அவரை மேனேஜர் அறையில் உட்காரவைத்தார்கள். டீ வந்தது. நான் குறிப்பேட்டை மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். எட்டு வரி, விநியோகஸ்தரின் ஆள், என் தம்பி, பஸ். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் படித்தார்.

"எத்தனை பேர்?"

"முப்பத்தொண்ணு சார்."

"எண்ணினேளா?"

"எண்ணினேன்."

"அத்தனை பேரை எண்ணினவாளுக்கு, ஒருத்தனை நிறுத்தி ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

தோணல சார் என்றேன்.

அவர் டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேட்டிக்கு ஆத்துக்கு வந்தேளே. அப்போ தெரியுமா இது?"

"தெரியும்."

"அவ கிட்ட சொல்லிட்டேளா?"

"இல்ல சார். உங்ககிட்டதான் முதல்ல."

வெளியே பட்டாசு வெடித்தது. நீலவேணியின் கார் வந்துவிட்டது. அவர் குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். மன்னிப்பு என்ற சொல் என் பக்கமிருந்தும் வரவில்லை, அவர் பக்கமிருந்தும் வரவில்லை. காஜா கதவைத் திறந்து, "சார், போலாங்களா" என்றார்.

பதினைந்து இருக்கை

நீலவேணிக்கு முழங்காலில் பட்டை கட்டியிருந்தது. படியேற இரண்டு பேர் பிடித்தார்கள். கூட்டம் முழுக்க அவரைச் சுற்றித்தான். காட்டூரிலிருந்து வந்திருந்த வயதான பெண் ஒருவர், "செல்வி, என்னைத் தெரியுதா?" என்று கூப்பிட, அவர் நின்று கையைப் பிடித்துப் பேசினார். பொன்னாடைகள் போர்த்தினார்கள். தனித்தனியாக. பத்து ஐம்பதுக்குப் படம் தொடங்கியது.

நான் இரண்டாவது வரிசையில், நீலவேணிக்குச் சற்றுப் பின்னால் இருந்தேன். பழக்கத்தில் திரையைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் தன் முகம் வரும்போது தரையைப் பார்த்தார். நீலவேணி தன் முகம் வரும்போது கைப்பையில் எதையோ தேடினார்.

இடைவேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். நீலவேணி முழங்காலை நீட்டியபடி அங்கேயே இருந்தார். மோகனவரதன் எழுந்தார். வரிசையின் முதுகுகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கு நேரம் பிடித்தது. நீலவேணிக்கு ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தார். பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரியும்.

"செல்வி" என்றார்.

நீலவேணி திரும்பினார்.

"உங்கப்பாவுக்கு அப்போ எந்த ஷிஃப்ட்?"

இந்தக் கேள்வியை நீலவேணி எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"ரெண்டாவது ஷிஃப்ட். ஏன்?"

"இந்தப் படம் பாத்தாரா?"

"ஏழு தடவை. இதே தியேட்டர்ல, காலை ஆட்டம். முடிவு மட்டும் பாத்ததில்ல. பஸ்ஸுக்கு ஓடணும்ல. கடைசியில நான் என்ன ஆனேன்னு அம்மாகிட்டதான் கேட்டுக்கிட்டாரு." பிறகு, "இப்ப எதுக்கு எங்கப்பா?" என்றார்.

மோகனவரதன் என் பக்கம் திரும்பாமல், தோளுக்கு மேலே கையைக் காட்டினார். "அவங்க சொல்லுவாங்க. எழுதி வச்சிருக்காங்க."

நான் முன்னால் குனிந்து இரண்டாம் முறை சொன்னேன். இந்த முறை ஒரு நிமிடம்தான். நீலவேணி குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கவில்லை. கேட்டு முடித்ததும் அவரிடம்தான் பேசினார்.

"நான் சொல்லல" என்றார்.

"ம்" என்றார் அவர்.

விளக்கு அணைந்தது. ஆட்கள் பாப்கார்னோடு திரும்பி வந்தார்கள். காஜா இடது ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறி, பிறகு வலது ஓரத்தைப் பார்த்து, கீழே இறங்கிப் போனார்.

இருவருக்கும் நடுவில் இருந்த இருக்கையில் நீலவேணியின் கைப்பை இருந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது அது அவர் மடியில் இருந்தது. இருக்கை காலியாகவே இருந்தது.

படம் அந்த இடத்துக்கு வந்தது. அவர் ஒப்பனை அறைக் கதவைத் திறக்கிறார். கண்ணாடியின் விளிம்பு தெரிகிறது. ஒரு வெள்ளைக் கோடு. ரயில்வே பிளாட்பாரம்.

மணி ஒன்று எட்டு. யாரும் எழுந்து போகவில்லை.